குண்டு பாய்ந்த இடத்தில் குண்டு இல்லை: ரத்தக்குழாய்க்குள் பயணிக்கும் தோட்டாக்கள் பற்றிக் கேள்வி பதில்

வயிற்றில் குண்டு பாய்ந்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். முதுகுப் பக்கம் வெளியேறிய காயம் இல்லை. வயிற்று எக்ஸ்ரேயில் குண்டும் இல்லை. இடது கால் மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே இருந்தால் அந்தக் கால் பிழைக்கும். இதற்கு ‘புல்லட் எம்போலிசம்’ என்று பெயர். ரத்தக்குழாய்க்குள் புகுந்த குண்டு, ரத்த ஓட்டத்தோடு வேறு இடத்துக்குப் போய் அடைத்துக்கொள்வது. வந்த கேள்விகளுக்கு ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையின் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

மருத்துவ மாணவி: எலும்பையே உடைச்சுட்டுப் போற குண்டு, மெல்லிசான ரத்தக்குழாய்க்குள்ள எப்படி சார் நிக்கும்?

வேகமாக வரும் குண்டு நிற்காது. குழாயின் இரண்டு சுவரையும் கிழித்துக்கொண்டு போய்விடும். நிற்பது களைத்துப்போன குண்டுதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஏ.கே. வகை ரைபிள் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழ 2,000 ஜூல் ஆற்றலோடு வருகிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் அது 500 ஜூல் அளவு. .22 ரகத்தில் 140 ஜூல்தான். தோல், விலா எலும்பு, தசை என்று ஒவ்வொன்றும் அதில் ஒரு பங்கைத் தின்கிறது. கடைசியில் பெருந்தமனியின் முன்சுவரைத் துளைக்க மட்டும் ஆற்றல் மிச்சமிருந்தால், எதிர்ச்சுவரில் முட்டி உள்ளேயே விழுந்துவிடும். தமனிச் சுவர் ரப்பர் போல இழுத்துக்கொடுக்கும். மெல்ல வரும் பொருளை அது தாங்கிப் பிடிக்கும். விழுந்த குண்டைப் பிறகு ரத்தம் தள்ளிக்கொண்டு போகிறது.

அதனால்தான் இந்தப் பட்டியலில் .22 குண்டு, ஏர்கன் பெல்லட், ஷாட்கன் ரவை, எறிகணைத் துணுக்கு ஆகியவை அடிக்கடி வருகின்றன. ராணுவ ரைபிள் குண்டு முழுசாகப் பயணிப்பது அபூர்வம்.

வாசகர்: இது உண்மையில் எவ்வளவு பேருக்கு நடக்கிறது? நிஜமாகவே கவலைப்பட வேண்டிய விஷயமா?

மிகவும் அரிது. பழைய பதிவு 1834-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீட்டில் செய்த துப்பாக்கி வெடித்து ஒரு சிறுவனுக்குக் காயம். அதிலிருந்து பாய்ந்த மரத்துண்டு சிரை வழியாக இதயத்தின் வலது கீழறைக்குப் போயிருந்ததை தாமஸ் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். வியட்நாம் போரில் ரத்தக்குழாய்க் காயம் பட்டவர்களுக்காக அமெரிக்க ராணுவ அறுவை சிகிச்சையாளர் நார்மன் ரிச் நடத்திய பதிவேட்டில் 7,500 பேரில் 22 பேருக்கு இப்படிக் குண்டோ துணுக்கோ பயணித்திருந்தது, அதாவது 0.3 சதவீதம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அமெரிக்க ராணுவத் தொகுப்பில் 346 பேரில் 4 பேர்.

ஆனால் அரிது என்பதே இதன் ஆபத்து. ஒருவர் முப்பது வருடம் பணியாற்றினாலும் ஒன்றோ இரண்டோதான் பார்ப்பார், அதுவும் நடுராத்திரியில், எதிர்பார்க்காத நேரத்தில். மனசில் இல்லாத நோயைக் கண் பார்க்காது.

அவசரப் பிரிவுச் செவிலியர்: நாங்கதான் முதல்ல உடுப்பைக் கழற்றிப் பார்க்கிறோம். எதைப் பார்த்துச் சந்தேகப்படணும்?

முதல் வேலை எண்ணுவது. உள்ளே போன காயங்கள், வெளியே வந்த காயங்கள், எக்ஸ்ரேயில் தெரியும் குண்டுகள் மூன்றையும் கூட்டுங்கள். கூட்டல் இரட்டைப்படையாக வர வேண்டும். ஒரு துளை, உள்ளே ஒரு குண்டு: இரண்டு. கையில் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி மார்பில் நுழைந்து அங்கேயே தங்கிய குண்டு: உள்ளே இரண்டு, வெளியே ஒன்று, குண்டு ஒன்று, மொத்தம் நான்கு. ஒற்றைப்படை வந்தால் ஏதோ ஒன்று கண்ணில் படவில்லை. அக்குள், தலைமுடி, விரைப்பைக்குப் பின்புறம், பிட்ட இடுக்கு எல்லாம் மறுபடி பாருங்கள். அப்படியும் கணக்கு சேரவில்லை என்றால் தலை முதல் கால் விரல் வரை எக்ஸ்ரே.

‘உள்ளே’, ‘வெளியே’ என்று காயத்துக்குப் பெயர் வைக்க வேண்டாம். பார்வையை வைத்து அதைச் சொல்வதில் அனுபவசாலிகளே தவறுகிறார்கள். ‘துளை 1, துளை 2’ என்று எழுதுங்கள், கூட்டலுக்கு அதுவே போதும். ஒவ்வொரு துளை மேலும் ஒரு பேப்பர் கிளிப்பை பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டுப் படம் எடுங்கள். முன்பக்கத் துளைக்கு மூடிய கிளிப், பின்பக்கத்துக்குப் பிரித்த கிளிப் என்று வைத்துக்கொண்டால் படத்தில் பாதை புரியும்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடங்களும் உண்டு. எலும்பில் மோதிச் சிதறிய குண்டு, ஷாட்கன் ரவை, ஏற்கெனவே உடம்பில் இருக்கும் பழைய குண்டு இவற்றில் கூட்டல் உதவாது.

இரண்டாவது, நாடி. நான்கு கைகாலிலும், காயம் எங்கே இருந்தாலும் சரி. மார்பில் சுடப்பட்டவரின் பாதத்தில் நாடி பார்க்க யாருக்கும் தோன்றாது, அங்கேதான் தவறுகிறது. வலி, வெளிறல், சில்லிப்பு, மரத்துப்போதல், அசைக்க முடியாமை என்று பின்னால் வருபவை எல்லாம் தாமதமான அடையாளங்கள். கால் விரலை அசைக்க முடியவில்லை என்றால் நேரம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

மூன்றாவது: மார்பிலோ கழுத்திலோ குண்டடி பட்டவருக்குத் திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ பேச்சு குழறினாலோ, மயக்கமருந்தின் விளைவு என்று விட்டுவிடாதீர்கள். ரவை மூளைத் தமனிக்குப் போயிருக்கலாம்.

பொது மருத்துவர்: எந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். எந்தக் குழாயில் நுழைந்தது, குண்டின் குறுக்களவு என்ன என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

தமனிப் பக்கம் அகலத்தில் தொடங்கிக் குறுகிக்கொண்டே போகும். வயிற்றுப் பெருந்தமனி ஏறத்தாழ 20 மி.மீ., தொடைத் தமனி 8 முதல் 10, முழங்காலுக்குப் பின்னால் 6 அல்லது 7. ஆகவே 9 மி.மீ. குண்டு தொடை மடிப்பில் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சிக்கும். 5.6 மி.மீ. குறுக்களவுள்ள .22 குண்டு முழங்கால் பின்புறம் வரை இறங்கிவிடும். வலது காலைவிட இடது கால் அதிகம் பாதிக்கப்படுவதற்குக் காரணம், பெருந்தமனியிலிருந்து இடது கிளை அவ்வளவாகத் திரும்பாமல் நேராக இறங்குவதுதான். மூளைக்குப் போவது பெரும்பாலும் சிறியவை. ஆறாம் எண் ரவை 2.8 மி.மீ.; மூளையின் நடுத்தமனி சுமார் 3 மி.மீ. பொருத்தமாகப் போய் அடைக்கும்.

சிரைப் பக்கம் நேர் எதிர். போகப்போக அகலமாகும், ஆகவே குண்டு தடையில்லாமல் இதயம் வரை போகிறது. வலது கீழறையின் தசை முடிச்சுகளுக்குள் மாட்டலாம், அல்லது நுரையீரல் தமனிக்குத் தள்ளப்படலாம். தமனி அடைப்பில் பெரும்பாலோருக்கு உடனே தொந்தரவு தெரியும். சிரை வழிப் பயணத்தில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒன்றுமே தெரியாது.

இரண்டு விதிவிலக்குகள். ஈயம் கனமானது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் பெருஞ்சிரையில் அது ஓட்டத்துக்கு எதிராகக் கீழே நழுவி, கல்லீரல் சிரைக்கோ இடுப்புச் சிரைக்கோ போகலாம். இன்னொன்று, இதய மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்து மூடாத சிறு வழி நாலு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதன் வழியாகச் சிரையில் நுழைந்த ரவை தமனிப் பக்கம் தாண்டிவிடலாம். குண்டு கிழித்த ஓட்டையும் அப்படி வழிவிடும்.

அறுவை சிகிச்சைப் பட்டமேற்படிப்பு மாணவர்: தொடைத் தமனியில் குண்டு. எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள் சார். எங்கே சொதப்புகிறது?

முதலில் வரிசை. வயிற்றிலோ மார்பிலோ ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் முதல். உயிருக்குப் பிறகுதான் கால். நோயாளி நிலையாக இருந்தால் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, குண்டு நுழைந்த ஓட்டை, குண்டு நிற்கும் இடம் இரண்டையும் பாருங்கள். காலில் குண்டைக் கண்ட மகிழ்ச்சியில் பெருந்தமனியின் ஓட்டையை மறப்பதுதான் உயிரை வாங்கும் தவறு. ரத்தக்கட்டி அதைத் தற்காலிகமாக மூடியிருக்கும், அவ்வளவே.

மேஜையில் படுக்க வைத்து, துணி போர்த்துவதற்கு முன் சி-ஆர்மில் (அறுவை அரங்கின் நகரும் எக்ஸ்ரே கருவி) ஒரு படம். வார்டில் எடுத்த எக்ஸ்ரேயை நம்பி வெட்டக் கூடாது. ட்ராலி மாற்றியது, இருமியது, மேஜையைச் சாய்த்தது என எதிலும் குண்டு நகர்ந்திருக்கும். இடத்தைத் தோலில் பேனாவால் குறியுங்கள்.

தொடை மடிப்பில் நெடுக்காக வெட்டி, பொதுத் தொடைத் தமனி, மேலோட்டக் கிளை, ஆழ்கிளை மூன்றையும் சுற்றி வெஸல் லூப் (குழாயைப் பிடித்துவைக்கும் மெல்லிய ரப்பர் நாடா) போடுங்கள். விரலால் குண்டைத் தடவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், செய்யாதீர்கள். மேலும் கீழும் கிளாம்ப் போட்டு, குண்டு தப்பிக்க முடியாத நிலை வந்த பிறகே தொடுவது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின்: வேறெங்கும் ரத்தப்போக்கு அபாயம் இல்லையென்றால் 5,000 யூனிட் சிரை வழியாக. அபாயம் இருந்தால் ஹெப்பாரின் கலந்த சலைனைத் தமனிக்குள் மட்டும் செலுத்தினால் போதும்.

தமனியைக் குறுக்காகத் திறந்து குண்டை எடுங்கள். அதன் பிறகு ரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் ஃபோகார்ட்டி பலூன் குழாய், தொடைக்கு 4 எண், முழங்காலுக்குக் கீழே 3 எண். குண்டுக்குப் பின்னால் கட்டியான ரத்தம் நிச்சயம் இருக்கும். ஒரு முறை இழுத்ததில் ஒன்றும் வராமல், கீழிருந்து ரத்தம் திரும்பி வரும் வரை போடுங்கள். இந்தப் பலூனை வைத்துக் குண்டையே இழுக்கப் பார்ப்பது தவறு. ஓரம் கூரான உலோகம் உட்சுவரை நெடுக உரித்துவிடும். அன்றிரவே குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். குண்டு முழங்காலுக்குப் பின்னால் இருந்தால் அங்கேயே திறந்து எடுங்கள்.

5-0 அல்லது 6-0 பாலிப்ரொப்பிலீன் தையல் நூலால் மூடி, முடிவில் ஒரு ஆஞ்சியோ. ரவை ஒன்று கீழே தங்கியிருந்தால் இதில்தான் தெரியும்.

கால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தமில்லாமல் இருந்திருந்தால், கெண்டைக்கால் வீங்கும் வரை காத்திராமல் இரண்டு வெட்டுகளில் நான்கு தசை அறைகளையும் திறந்துவிடுங்கள். ரத்தம் திரும்பப் பாய்ந்ததும் பொட்டாசியம் ஏறும், சிறுநீர் கறுத்து வரும். மயக்கமருந்து மருத்துவரிடம் கிளாம்ப் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதயநோய் உயர்சிகிச்சை மாணவர்: நுரையீரல் தமனியில் இருக்கும், தொந்தரவு செய்யாத குண்டை எடுக்கத்தான் வேண்டுமா?

இங்கே அறுவை சிகிச்சையாளர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன்.

இதயத்தின் இடப்பக்கத்தில் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும், அடுத்த துடிப்பில் மூளைக்குப் போகக்கூடும். வலப்பக்க அறையில் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தாலும் எடுக்கலாம். நுரையீரல் தமனியின் நுனிக் கிளையில் ஓரிரு சிறு ரவைகள், மூச்சுத்திணறல் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் விட்டுவிட்டுக் கண்காணிக்கலாம். நடுவில் இருப்பவைதான் சிக்கல். 5 மி.மீ.க்கு மேல் இருப்பவை, ஓரம் கரடுமுரடானவை, பெருங்குடலைத் துளைத்துக்கொண்டு வந்தவை இவற்றை நான் எடுக்கவே சொல்வேன். குடல் கிருமியோடு வந்த குண்டு நுரையீரலில் சீழ்க்கட்டியையும், இதய வால்வில் தொற்றையும் உண்டாக்கலாம்.

மார்பைத் திறக்காமல் ஸ்னேர் கம்பியால் சுருக்குப் போட்டு இழுப்பதை முதலில் யோசியுங்கள். ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். உள்ளே செலுத்தும் குழாய்களின் தடிமனை ‘ஃபிரெஞ்ச்’ என்ற அலகில் அளப்பார்கள்; ஒரு மி.மீ. என்பது 3 ஃபிரெஞ்ச். ஏர்கன் பெல்லட் 4.5 மி.மீ., அதாவது 13.5 ஃபிரெஞ்ச். .22 குண்டுக்கு 17. 9 மி.மீ. குண்டுக்கு 27. கருவிகளை உள்ளே விடும் வழக்கமான ஷீத் என்ற உறைக்குழாய்க்குள் பெரிய குண்டு நுழையாது. தொடைச் சிரை வரை சுருக்கில் இழுத்துவந்து, அங்கே சிறிதாக வெட்டி எடுப்பதுதான் வழி. இதற்கு ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையாளர் அதே அறையில் இருக்க வேண்டும். குண்டைக் குறுக்காகப் பிடித்தால் அதன் நீளமே அகலமாகிவிடும், முனையில் பிடியுங்கள். வலது கீழறையிலிருந்து இழுக்கும்போது வால்வின் நாண்கள் சுருக்கில் மாட்டாமலிருக்க எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்க அறுவை சிகிச்சையாளர் டுவைட் ஹார்கன், இதயத்திலும் அதைச் சுற்றியும் பெருங்குழாய்களிலும் இருந்த உலோகத் துண்டுகளை 134 வீரர்களிடமிருந்து எடுத்தார். இதய-நுரையீரல் இயந்திரம் வராத காலம், ஒருவர்கூட இறக்கவில்லை. இன்றைய இதய அறுவை சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவற்றில் அதுவும் ஒன்று.

கிளிநொச்சி வாசகர்: ஐயா, அம்மாவுக்கு 2009-ல பட்ட செல் பீஸ் ரெண்டு இன்னும் தொடையில கிடக்கு. அது நரம்பால ஓடி இருதயத்துக்குப் போயிடும் எண்டு சனம் சொல்லுது. உண்மையோ? ஸ்கான் எடுக்கலாமோ?

அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். பேச்சுவழக்கில் நரம்பு என்று சொன்னாலும் இங்கே பேச்சு ரத்தக்குழாயைப் பற்றியது. நரம்பு வழியாக எதுவும் ஓடாது. குழாய்க்குள் போகும் துண்டு பெரும்பாலும் காயம்பட்ட அன்றே, இல்லையேல் அடுத்த சில நாள், வாரங்களில் போய்விடும். தசையில் இத்தனை வருடம் கிடந்த துண்டைச் சுற்றி உடம்பே ஒரு நார்க்கூடு கட்டியிருக்கும். பிந்தி நகர்ந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு, ஆனால் அவர்கள் மிக மிகச் சிலர். அதற்காகத் தொந்தரவில்லாத துண்டைத் தேடி வெட்டத் தேவையில்லை. அந்த இடம் வீங்கித் துடித்தாலோ, கால் புதிதாக வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ காட்டுங்கள்.

ஸ்கானில் கவனம் வேண்டும். சி.டி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். எறிகணைத் துண்டு இரும்பு. காந்தம் அதைத் திருப்பவும் இழுக்கவும் கூடும். தொடையைவிட கண், முள்ளந்தண்டு, பெரிய ரத்தக்குழாய் அருகே இருப்பவை ஆபத்தானவை. முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, எங்கே எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். அந்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை எடுக்கும் படத்தோடு ஒப்பிட அதுவே ஆதாரம்.

ஒரு தாய்: பக்கத்து வீட்டுப் பையன் புறா சுட வாங்கின ஏர்கன் என் மகன் கையில இருக்கு. பொம்மைத் துப்பாக்கிதானேன்னு சொல்றான். பயப்படணுமா?

பயப்படுங்கள், இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள். இந்தியாவில் 20 ஜூலுக்கு மேற்படாத 4.5 மி.மீ. ஏர்கனுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் அது பொம்மை என்று நினைக்கிறார்கள். அரை கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்றால் வினாடிக்கு 280 மீட்டர் வேகம். மனிதத் தோலைத் துளைக்க ஏறத்தாழ 100 மீட்டர் போதும். குழந்தையின் மார்புச் சுவர் மெல்லியது, பெல்லட் இதயத்துக்குள்ளேயே போகும்.

பட்டால் வெளியே தெரிவது பரு அளவு ஒரு புள்ளி. அதற்குப் பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மார்பு, கழுத்து, வயிறு எதில் பட்டாலும் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே, எக்கோ, கைகால் நாடி, மணிக்கொரு முறை பேச்சும் கைகால் அசைவும் என்று மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

108 ஓட்டுநர்: வழியில நாங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

ரத்தம் வரும் இடத்தை நேரடியாக அழுத்துங்கள். கை காலில் பீறிட்டு வந்தால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை). கட்டிய நேரத்தை எழுதுங்கள். குண்டைத் தோண்டாதீர்கள். சில்லிட்ட காலைத் தேய்க்கவோ, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ, உயர்த்தி வைக்கவோ வேண்டாம். ரத்தம் போகாத தோல் சீக்கிரம் வெந்துவிடும். வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.

வாசகர்: உள்ளேயே விட்ட ஈயக் குண்டு விஷமாகாதா? சூட்டில் கிருமி செத்திருக்கும் என்பது சரியா?

சூட்டில் கிருமி சாகாது. போகிற வழியில் சட்டைத் துணியையும் தோல் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டுதான் குண்டு போகிறது. டெட்டனஸ் ஊசி எல்லோருக்கும் பார்க்க வேண்டும். ஈயத்தைப் பொறுத்தவரை தசைக்குள் கிடந்தால் கரைவது மிகக் குறைவு. மூட்டுத் திரவத்தில் இருந்தால் கரையும். அதை எடுத்துவிட வேண்டும். காரணமில்லாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, மணிக்கட்டு தொங்குவது என்று வந்தால், குண்டு வாங்கி எத்தனை வருடமானாலும் ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள்.

பயிற்சி மருத்துவர்: எடுத்த குண்டைப் போலீஸிடம் எப்படிக் கொடுப்பது?

ரப்பர் உறை போட்ட ஃபோர்செப்ஸால் எடுங்கள். வெறும் உலோகப் பல்லால் கடித்தால் துப்பாக்கிக் குழல் பதித்த கோடுகள் அழிந்து, தடயவியலில் ஒப்பிட முடியாது. கழுவித் தேய்க்காமல் உலர்த்தி, பஞ்சு வைத்த டப்பாவில் முத்திரையிட்டு, எந்த ரத்தக்குழாயிலிருந்து எடுத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். காயம் மார்பில், குண்டு முழங்காலில் என்றால் இரண்டு குண்டு என்று வழக்கில் குழப்பம் வரும். பயணித்த பாதையைக் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள்.

எக்ஸ்ரே டெக்னீஷியன்: மார்பு எக்ஸ்ரேயில் குண்டு மட்டும் ஓரம் கலைந்து மங்கலாக வந்தது. நோயாளி அசைந்துவிட்டார் என்று மறுபடி எடுத்தேன், அதே மாதிரிதான். என் தவறா?

உங்கள் தவறில்லை. விலா எலும்புகளின் ஓரத்தைப் பாருங்கள். அவையும் கலைந்திருந்தால் நோயாளி அசைந்திருக்கிறார். விலா கூர்மையாகவும் குண்டு மட்டும் மங்கலாகவும் இருந்தால், அது இதயத்தோடு சேர்ந்து துடிக்கிறது. மூன்றாவது படம் எடுக்க வேண்டாம். நோயாளியை எழுப்பாமல், புரட்டாமல், அப்படியே படுக்க வைத்துவிட்டுப் பணி மருத்துவரைக் கூப்பிட்டு எக்கோ கேளுங்கள்.